இரண்டாவது பிரேக்

என் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் நானும் கோபம் வந்தால் அப்படிக் கூப்பிடுவேன், அதனால் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவருடைய காரில் இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற இவர் காலடியில் ஒன்று. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவர் தன்னுடையதை மிதித்துவிடுவார். வகுப்பு இல்லாத நேரத்தில் இவர் ஓட்டுவார், அந்தப் பக்கத்து இருக்கையில் நான் உட்காருவேன். "கால மடக்கி வச்சுக்கோ. தெரியாம மிதிச்சுடப் போற" என்பார். பதினாறு வருஷமாகக் காலை மடக்கி வைத்துக்கொண்டுதான் கடைக்கும் பேங்குக்கும் என் தங்கை வீட்டுக்கும் போய் வந்திருக்கிறேன்.

எனக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டவும் கூடாது. கண்ணில் கோளாறு. நேராகப் பார்த்தால் ஊசியில் நூல்கூடக் கோப்பேன், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி. இதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, இவர்தான். கல்யாணமான புதிதில் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஒரே வாரத்தில் மூன்று தடவை ஒரே கேட்டின் இடது தூணில் கொண்டுபோய் இடித்தேன். "உனக்கு அந்தத் தூணு தெரியவே இல்லயா?" என்று கேட்டார். திட்டுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார், திரும்பி வரும்போது வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்றைக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எனக்கு மறக்கவில்லை. பிடித்த கையை இன்னும் விடவில்லை என்பதுதான் என் புகார்.

நாங்கள் இருந்த வீடு நெடுஞ்சாலை ஓரம். வாசலைத் தாண்டினால் லாரி. கடை என்றால் கார், டாக்டர் என்றால் கார், ஒரு நூல்கண்டு வேண்டுமென்றாலும் கார். மாஸ்டருக்கு ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு நடுவில் இருபது நிமிஷம் கிடைக்கும், அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு வெளியுலகம். மற்ற நேரமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் முணுமுணுத்து அனுப்புகிற ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிப்பேன். எந்த டாக்டருக்குச் சளி பிடித்திருக்கிறது, எவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றுகூடக் குரலை வைத்தே சொல்லிவிடுவேன். சம்பளம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அந்தச் சம்பளத்தில் ஒரு சோப்பை நானாகப் போய் வாங்கி வந்ததில்லை.

அப்படி இருக்கும்போது மாஸ்டருக்கு இந்த நகரத்தில் பெரிய பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்தது. குடிபெயர வேண்டும். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"வீடு எப்படி வேணா இருக்கட்டும். காய்கறிக் கடை, மருந்துக் கடை, பேங்கு, பஸ் ஸ்டாப், கண் ஆஸ்பத்திரி, நம்ம பொண்ணு ஸ்கூலு. இந்த ஆறுக்கும் நான் தனியா நடந்து போய்ட்டு வரணும். தனியா."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வீடு பார்க்க மூன்று நாள். தங்கியது என் நாத்தனார் வீட்டில். மாஸ்டருக்கு அக்கா, எனக்கு அண்ணி. நகரத்துக்கு வெளியே, சுற்றுச்சுவரும் காவலாளியும் நீச்சல் குளமும் உள்ள குடியிருப்பு. தெருவெல்லாம் அகலம், துடைத்து வைத்த மாதிரி சுத்தம். ஆனால் கடை என்று ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. ஒரு தீப்பெட்டிக்கும் காரை எடுக்க வேண்டும். அண்ணி வீட்டுக்கு எதிர்வீடு காலியாக இருந்தது. அது தற்செயல் என்று நம்புகிற அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை.

முதல் நாள் புரோக்கர் காட்டிய வீடுகளுக்குப் போனோம். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மாஸ்டர் ஒரே பாட்டு. "கடையா? பக்கத்துலதான். ரெண்டு நிமிஷம்." "ஸ்கூலா? மூணு நிமிஷம்." மூன்றாவது வீட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. காரை விட்டு இறங்கினேன்.

"எங்க போற?" என்றார்.

"ரெண்டு நிமிஷத்துல கடைக்கு."

மகள் கூட வந்தாள். பதினாலு வயது, இந்த ஊருக்கு வரவே அவளுக்கு இஷ்டமில்லை, அந்தக் கோபத்தை நடையிலேயே காட்டினாள். இருபத்துமூன்று நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒரு மேம்பாலம். அதில் நடக்கிறவர்களுக்கு என்று ஒரு முழம் இடம்கூட விடவில்லை. திரும்பி வந்து புரோக்கரைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்களே?"

"நான் சொல்லலம்மா, சார்தான் சொன்னாரு" என்றார் புரோக்கர்.

"சார் காலால அளக்க மாட்டாரு, டயரால அளப்பாரு" என்றேன். புரோக்கர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சாவிக்கொத்தைப் பார்த்தார். மாஸ்டர் கோபத்தில் காரைக் கிளப்பி, எங்களை விட்டுவிட்டே கொஞ்ச தூரம் போய்விட்டார். பிறகு ரிவர்ஸிலேயே வந்து ஏற்றிக்கொண்டார்.

இரண்டாம் நாள் அந்த வீட்டைப் பார்த்தேன். பழைய கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கு மேல் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருப் பக்கம் நீளமாக ஒரு ஜன்னல். படிக்கட்டு குறுகல், ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. கீழே இறங்கினால் காய்கறிக் கடை. அதைத் தாண்டி பேங்கு. முனையில் மருந்துக் கடை, திரும்பினால் பஸ் ஸ்டாப், கொஞ்சம் தள்ளிக் கண் ஆஸ்பத்திரி. பள்ளிக்கூட மணி ஜன்னலில் கேட்டது. நான் ஜன்னலில் நின்றுகொண்டு சத்தங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். சக்கரத்துக்குக் காற்றடிக்கிற சத்தம், சாவி அறுக்கிற சத்தம், ஒரு பெண் யாரையோ வெளுத்து வாங்குகிற சத்தம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இந்தத் தெருவுல என்னால காரைத் திருப்பவே முடியாது" என்றார் மாஸ்டர்.

"நான் காரு இல்லைங்க" என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் அண்ணி என்னை ஒரு பிடி பிடித்தார்.

"அந்தத் தெருவா? கண்ணு நல்லா இருக்கறவங்களே தட்டுத் தடுமாறிப் போற இடம். உனக்கு ஏன் இந்த வீம்பு?"

"நீங்க அங்க நடந்து பாத்திருக்கீங்களா அண்ணி?"

"நான் ஏன் நடக்கணும்? எனக்குத்தான் காரு இருக்கே."

"எனக்கு இல்லையே. அதான் நடக்கணும்."

"என் தம்பி இருக்கான்ல? உனக்கு எப்ப வேணுமோ அப்ப கொண்டுபோய் விடுறான். ஊர்ல எத்தன பொம்பளைக்கு இந்தக் கொடுப்பினை?"

தட்டை எடுத்து எறியலாம் போல இருந்தது. ஆனால் சமைத்தவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு மென்றேன்.

மாஸ்டர் அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: "வீண் பேச்சு எதுக்கு? டெஸ்ட் வச்சுப் பாத்துடலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பையைத் திறந்து, ஓட்டுநர் தேர்வுக்குப் பயன்படுத்துகிற மதிப்பெண் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். சின்னத் தவறுக்கு ஒரு கட்டம், பெரிய தவறுக்கு ஒரு கட்டம்.

"நாளைக்கு அந்தத் தெருவுல நீ முன்னாடி நட. ஆறு இடத்துக்கும் போய்ட்டு வீட்டுக்குத் திரும்பணும். நான் பத்தடி பின்னாடி வரேன். பேச மாட்டேன், தொட மாட்டேன். சின்னத் தப்பு பதினஞ்சு வரைக்கும் பரவால்ல. பெரிய தப்பு ஒண்ணு வந்தாலும் ஃபெயில். நான் உன்னத் தொட்டு நிறுத்த வேண்டி வந்தா, அது என் பிரேக்கை மிதிச்ச மாதிரி. அதோட டெஸ்டு முடிஞ்சுது."

"பாஸானா?"

"சைக்கிள் கடை மாடி."

"ஃபெயிலானா?"

"எதிர்வீடு. அப்புறம் இதப் பத்தி நீ வாயத் திறக்கக் கூடாது."

"சரி" என்றேன். கோபத்தில் சொன்ன சரி. நான் செய்த முட்டாள்தனம் அதுதான், அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜெயித்துக் காட்டுகிறேன் பார் என்கிற வெறிதான் மண்டையில் இருந்தது.

"எனக்கு எந்த வீடா இருந்தாலும் சரி, ரெண்டு பேரும் கத்தாம இருந்தா போதும்" என்றாள் மகள். ஆனால் அவள் ஓட்டு நீச்சல் குளத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக ஈரத் தலையோடுதான் திரிந்தாள்.

மறுநாள் மூன்றரை மணிக்குச் சைக்கிள் கடை வாசலில் தொடங்கினோம். ஐந்தரைக்கு இன்னொரு குடும்பம் வீடு பார்க்க வருகிறது, அதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று புரோக்கர் கறாராகச் சொல்லிவிட்டார். முன்னால் நான். பத்தடி பின்னால் மாஸ்டர், கையில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்டு அந்தத் தாள், காதில் செருகிய பென்சில். அவருக்கும் பின்னால் மகள், இந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியவே தெரியாது என்கிற முகத்தோடு.

நான் நடக்கும்போது தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போக வேண்டும். குழாயைத் திருப்பித் திருப்பித்தானே பார்க்க முடியும்? எதிரில் வருகிறவர்களுக்கு, ஏதோ ஒன்றை வேண்டாம் வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே போகிறவள் மாதிரி இருக்கும். காய்கறிக் கடைக்காரர் ஒரு கத்திரிக்காயை நீட்டிக்கொண்டிருந்தவர், என் தலையைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

முதல் நூறு அடியில் இரண்டு சின்னத் தவறு. வாளி ஒன்றைக் காலால் தட்டினேன், ஒரு பெரியவரின் தோளில் இடித்தேன். பின்னால் பென்சில் கரகரத்தது. எனக்குக் காது கூர்மை. அவர் பெருக்கல் குறி போடுகிறாரா, சரி போடுகிறாரா என்றுகூடச் சத்தத்தில் தெரிந்தது. எல்லாம் பெருக்கல்தான்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. பேங்கைத் தாண்டினதும் நடைபாதை முழுக்கக் கடைகள். பலகை, கூடை, நாற்காலி, துணி மாட்டின கம்பி என்று ஒரு ஆள் நேராக நடக்க முடியாத அளவுக்கு அடைத்து வைத்திருந்தார்கள். இங்கேதான் நான் மாட்டுவேன் என்று மாஸ்டர் கணக்குப் போட்டிருப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையப் போனபோது, "எடு, எடு, உள்ள எடு!" என்று ஒரு குரல். சரசரவென்று ஒரு கூடை உள்ளே போனது. அடுத்த கடையில் பலகை உள்ளே போனது. துணிக்கடைக்காரர் கம்பியோடு துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நடைபாதை ஒரு நிமிஷத்தில் காலியாகிவிட்டது.

அட்டையும் பென்சிலுமாக, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்து, ஆக்கிரமிப்பை அகற்ற வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்! ஒருவர் மாஸ்டருக்கு ஸ்டூல் போட்டு, "உக்காருங்க சார், இப்பவே எடுத்துடறோம் சார்" என்றார். நான் ராஜநடை போட்டுக்கொண்டு போனேன்.

"இது செல்லாது" என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து.

"பேசக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றேன் திரும்பாமல்.

பின்னால் மகள் சிரித்தாள். அந்த மூன்று நாளில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகு மாஸ்டர் அட்டையைச் சட்டைக்குள் செருகி மறைத்துக்கொண்டார். எனக்கு வழிவிட யாரும் இல்லை. ஆனாலும் போனேன். மருந்துக் கடையில் மூன்று படி, எண்ணி ஏறினேன். பஸ் ஸ்டாப்பில் கம்பத்தில் இடிக்காமல் நின்றேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்துகொண்டிருந்தார்கள், சுவரோடு ஒட்டி நின்று கூட்டம் போகும் வரை பொறுத்தேன். கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வரை போய், நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். பயமாக இல்லை என்றால் பொய். முதுகெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓர் இடத்தில், நான் தலையை ஆட்டுவதையே மறந்து, என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். பதினாறு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு நிமிஷம் கிடைத்ததில்லை.

ஒன்பது சின்னத் தவறு. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாலை. அதைக் கடந்தால் சைக்கிள் கடை.

ஒருவழிச் சாலை. வண்டிகள் வலப்பக்கமிருந்து மட்டும்தான் வர வேண்டும். நடைபாதை விளிம்பில் நின்று வலது பக்கம் பார்த்தேன். காலி. ஆனால் இடது பக்கத்திலிருந்து, எதிர்த்திசையில், ஸ்கூட்டர் ஒன்று வருகிற சத்தம். பார்சல் கொண்டுவருகிற ஆளாக இருக்கும், அவர்களுக்கு ஒருவழி, இருவழி எல்லாம் கிடையாது. பெட்டி கடகடக்கிறது, இருபதடி, பதினைந்தடி. போகட்டும் என்று நின்றேன். இரண்டு காலும் விளிம்பில், அசையாமல் நின்றேன். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை என் தோளுக்குக் கீழே கொத்தாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது. மாஸ்டர் பத்தடியையும் ஒரே தாவலில் தாவி வந்திருக்கிறார். நான் எதிர்பார்க்கவில்லை. உடம்பு திரும்பிக்கொண்டது, கால் விளிம்பிலிருந்து நழுவியது, சாலையில் இரண்டு முட்டியும் குத்த விழுந்தேன். ஸ்கூட்டர்காரன் எட்டியே வளைத்து ஓட்டி, எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையை எறிந்துவிட்டுப் போனான்.

"பாத்தியா!" என்றார் மாஸ்டர். "பாத்தியா, பாத்தியா!"

அடிபட்டதா என்று கேட்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தினார், உடனே சட்டைக்குள்ளிருந்து அட்டையை உருவினார். அங்கேயே நின்று எழுதினார்.

"பிரேக்கு மிதிச்சாச்சு. ஃபெயில்."

"நான் நின்னுட்டுதான் இருந்தேன்."

"நீ எங்க நின்ன? காலத் தூக்கிட்ட. நான் பாத்தேன்."

"அம்மா நின்னுட்டு இருந்தாங்கப்பா" என்றாள் மகள்.

"நீ பின்னாடி இருந்த. உனக்கு என்ன தெரியும்?"

"நீங்களும் பின்னாடிதான் இருந்தீங்க. அம்மா அசையவே இல்ல. நீங்க இழுத்ததாலதான் விழுந்தாங்க."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் தாளை அழிக்கவும் இல்லை. அவர் போட்ட பெருக்கல் குறி அப்படியே இருந்தது. "ரூல்னா ரூல்தான். நான் தொட்டா ஃபெயில்னு முன்னாடியே சொன்னேன்" என்றார்.

முட்டி எரிந்தது. அந்த எரிச்சலில்தான் எனக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறேன். அந்தச் சாலையைச் சுற்றிப் பார்த்தேன், என் குழாயைத் திருப்பித் திருப்பி. குடித்துவிட்டு ஒருவன் போகிறான். போனைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் குறுக்கே போகிறாள். கைத்தடி ஊன்றி ஒரு கிழவர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திவிட்டு ஆற அமரப் போகிறார். ஒரு நாய் போகிறது. இவர்களில் யாரும் மாஸ்டரிடம் தாளில் சரி போட்டு வாங்கிக்கொண்டு போகவில்லை. நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்? என்னை யார் டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ளச் சொன்னது?

சாலையைக் கடந்தேன். நேராகப் புரோக்கர் ஆபீசுக்குள் போனேன். சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, அவ்வளவுதான். மணி ஐந்தேகால்.

"வீட்ட எடுத்துக்கறோம்" என்றேன்.

"எடுக்கல" என்றார் பின்னால் வந்த மாஸ்டர். அட்டையை மேஜையில் வைத்தார். புரோக்கர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"சார், இது என்ன... கட்டடத்துல ஏதாவது பழுதா?"

"பழுது கட்டடத்துல இல்ல" என்றேன்.

"பேச்சு பேச்சா இருக்கணும். பாஸானா இந்த வீடு, ஃபெயிலானா அந்த வீடு. நீதானே சரின்ன?"

"ஆமா, சொன்னேன். தப்பு. தெருவுல நடக்கறதுக்கு உங்ககிட்ட எதுக்கு நான் மார்க்கு வாங்கணும்? அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க, இல்லன்னா ஃபிரேம் போட்டு மாட்டிக்கோங்க. நான் இந்த வீட்டுலதான் இருப்பேன்."

"நானும் மூணு நாளா பாக்கறேன், என்னமோ நான் உனக்கு எதிரி மாதிரி பேசற! பதினாறு வருஷம். ஒரு தடவையாவது வர முடியாதுன்னு சொல்லியிருக்கேனா? சாப்பிடற நேரத்த விட்டுட்டு வந்து உன்ன ஏத்திட்டுப் போனேன். ஜுரத்தோட வந்தேன். இப்ப நான் எதுக்கும் ஆகாதவன் ஆயிட்டேன், இல்ல?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் அவர் சொன்னது அத்தனையும் நிஜம். பாவம் பார்த்துப் பார்த்துத்தான் பதினாறு வருஷம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன் என்பதும் நிஜம்.

"நீங்க வந்தீங்க. இல்லன்னு சொல்லல" என்றேன். "ஆனா நான் கூப்பிட்டா வர்றதுக்குத்தான் உங்களுக்குப் பிடிக்குது. நான் கூப்பிடாமலே இருந்துட்டா உங்களுக்குத் தாங்கல. அதனாலதான் ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்னு வாய் கூசாம சொன்னீங்க."

புரோக்கர் எழுந்து, தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே நழுவப் பார்த்தார். "நீங்க உக்காருங்க, பேப்பர எடுங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

"நீ நாளைக்கே விழுந்து கிடந்தா நான் எப்படி இருப்பேன்? அத யோசிச்சியா?" என்றார் மாஸ்டர்.

"இப்பதான் விழுந்தேன். இருக்கீங்கதானே?"

அவர் என் முட்டியைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். புடவையில் ரத்தம் பெரிதாக ஊறியிருந்தது.

"யார் பேர்ல எழுதணும்மா?" என்று கேட்டார் புரோக்கர், மேஜையைப் பார்த்துக்கொண்டே.

"என் பேர்ல."

ஒப்பந்தத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். முழுத் தாள் என் குழாய்க்குள் அடங்காது, கையெழுத்துப் போடுகிற கோட்டை விரலால் தேடினேன். பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் இந்த இடத்தில் மாஸ்டர் என் விரலைப் பிடித்துக் கோட்டில் வைப்பார். வழக்கம் போலக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தாளை மேலும் கீழும் நகர்த்தி, கோட்டைக் கண்டுபிடித்து, என் பெயரை எழுதினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. மூன்று தாளிலும் எழுதினேன்.

"காரை எங்க நிறுத்தறது?" என்றார் மாஸ்டர். கேள்வி இல்லை அது, வயிற்றெரிச்சல்.

"மூணு தெரு தள்ளி இடம் இருக்கு சார்" என்றார் புரோக்கர்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நடங்க" என்றேன்.

மேஜை மேல் இருந்த அவருடைய போன் அடித்தது. அண்ணியாகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

நான் எழுந்தேன். முட்டி மடங்க மறுத்தது. "மருந்துக் கடைக்குப் போய்ட்டு வரேன்" என்றேன். மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சாவியைத் தேடுகிற கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"உக்காருங்கப்பா" என்றாள் மகள்.

அவள் குரலில் கோபம் இல்லை. அது வேறு மாதிரி இருந்தது, அப்படி அவள் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. மாஸ்டர் நின்ற வாக்கில் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தேன். வெயில் சாய்ந்திருந்தது, எனக்கு ஆகாத வெளிச்சம். கடைக்காரர்கள் அதிகாரி போய்விட்டார் என்று எல்லாவற்றையும் மறுபடி நடைபாதைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கூடையில் இடித்தேன், ஒரு கதவின் விளிம்பில் தோள் உரசியது. ஒவ்வொரு இடிக்கும் பின்னால் பென்சில் கரகரக்கிறதா என்று காது தானாகக் கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. முட்டி எரிய எரிய, தலையை ஆட்டி ஆட்டி, முனை வரை போனேன். மூன்று படி ஏறினேன்.

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் புடவையைப் பார்த்தார்.

"என்னம்மா, விழுந்துட்டீங்களா? இந்தத் தெருவுல தனியாவா வந்தீங்க? கூட யாரும் வரலையா?"

"வந்தாங்க" என்றேன். "அதனாலதான் விழுந்தேன்."